மூக்குக்கு எட்டாதது

தம்பி எதைச் செய்தாலும் அளந்துதான் செய்வான். வீட்டில் அவனுக்கு ‘அளவுகோல்’ என்றே பெயர். தேநீருக்குச் சர்க்கரை போடும்போதுகூட கரண்டியின் தலையை விரலால் வழித்து, மட்டம் பார்த்துவிட்டுத்தான் போடுவான். பேருந்துப் பணிமனையில் என்ஜின் பிரித்துப் பூட்டுகிற வேலை அவனுக்கு. அங்கேயும் ஒரு போல்ட் மனசுக்குத் திருப்தியாக இறுகவில்லை என்றால் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி போடுவானாம். அதனால் தோட்டத்துக் கோடியில் இருந்த மரக் கொட்டகைக்கு கேஸ் குழாய் இழுக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, “பள்ளம் நானே வெட்டிடறேன், வெளியாளு வேண்டாம்” என்று அவன் சொன்னதில் அக்காவுக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை.

கொட்டகை அவன் மனைவிக்காக. அவள் களிமண்ணைச் சக்கரத்தில் ஏற்றி கோப்பை, சாடி, தட்டு என்று செய்கிறவள். வீட்டில் செல்லமாகச் ‘சட்டிக்காரி’. அப்படிக் கூப்பிட்டால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். “சட்டியில இருந்தாத்தானே அண்ணி அகப்பையில வரும்?” என்று சிரிப்பாள். செய்த பண்டங்களைச் சுடுவதற்கு இத்தனை காலம் வேறொருவர் சூளைக்குச் சுமந்துபோய்க்கொண்டிருந்தாள். போகிற வழியிலேயே பாதி விரிசல் விட்டுவிடும். இப்போது சொந்தமாக ஒரு சூளை வந்துவிட்டது. பீரோ உயரத்துக்கு இரும்புப் பெட்டி, உள்ளே வெள்ளைச் செங்கல், அடியில் பர்னர். கேஸ் வந்தால் போதும், பற்றவைக்க வேண்டியதுதான்.

அக்கா அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு காய்ச்சல். ஒரு பெரிய ரொட்டிக்கடையில் அடுப்புப் பொறுப்பு அவளிடம்தான் இருந்தது. கடிகாரம் பார்க்க மாட்டாள். மேலோடு சிவக்கிற வாசனை வந்ததும் எங்கே நின்றாலும் ஓடிவந்து கதவைத் திறப்பாள். காய்ச்சல் வந்து போனபோது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ரொட்டியும் சோப்பும் சாக்கடையும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. இரண்டு முறை தட்டுத் தட்டாகக் கருகியது. யாரும் போகச் சொல்லவில்லை. அவளே ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டாள். தனியாக இருந்தவளை, “மூக்கு போனா என்னக்கா, கண்ணும் கையும் எங்க போச்சு? தோட்டம் சும்மாதானே கிடக்கு” என்று தம்பிதான் அழைத்துக்கொண்டான். வந்த நாளிலிருந்து தோட்டம் அவளுடையது. எந்தச் செடி எந்த வேளையில் தலை தொங்கும், எறும்பு எந்தப் பக்கம் சாரை போகும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மூக்கு விட்ட வேலையையும் கண்ணே பார்த்துக்கொண்டது.

பள்ளம் வெட்டிய அன்று தம்பி கயிறு கட்டி, கோடு போட்டு, முழங்கால் ஆழத்துக்குக் குறையாமல் வெட்டினான். கேஸ் குழாய் பொருத்த வந்த ஃபிட்டர் வாய் ஓயாத மனிதர். பள்ளத்தின் விளிம்பில் குந்தியபடி சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

“கல்லு ஒண்ணு கூடக் கிடக்கக் கூடாது தம்பி. பிளாஸ்டிக் குழாய்க்குக் கல்லுதான் எமன். குழந்தையப் படுக்க வெக்கிற மாதிரி. கீழ மெத்தை, மேல போர்வை.”

மெத்தை என்றது மணலை. மணல் பரப்பி, அதன்மேல் மஞ்சள் குழாயைக் கிடத்தினார்கள். பிளாஸ்டிக்கை உலோகம் தேடும் கருவி காட்டிக்கொடுக்காது என்பதால் பின்னால் வருகிறவர்கள் கண்டுபிடிக்க வசதியாகக் குழாயோடு ஒரு செப்புக் கம்பியையும் ஓட்டினார்கள். அதன்மேல் மறுபடி மணல். பாதி மண் தள்ளிய பிறகு, என்றைக்காவது யாராவது மண்வெட்டி போட்டால் முதலில் கண்ணில் படட்டும் என்று எச்சரிக்கை எழுதிய மஞ்சள் நாடாவை நீளத்துக்கும் விரித்தார்கள்.

நடுவில் ஓரிடத்தில் மட்டும் வேலை சுணங்கியது. பீன்ஸ் பந்தலுக்குப் பக்கத்தில் மண்வெட்டி ‘ணங்’கென்றது. குறுக்கே ஒரு பழைய இரும்புக் குழாய். துரு பொருக்குத் தட்டி, மரத்தின் வேரா குழாயா என்று சந்தேகப்படும்படி கிடந்தது.

“இது என்னங்க?” என்றான் தம்பி.

ஃபிட்டர் ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். “பழைய தண்ணிக் குழாய். இந்த வீடு கட்டறதுக்கு முன்னால எதுக்கோ போட்டிருப்பாங்க. செத்த பாம்பு. அதுக்கு அடியில நுழைச்சுக் கொண்டுபோயிடுவோம்.”

அடியில் நுழைக்க வேண்டும் என்றால் அதன் கீழிருந்த மண்ணை எடுக்க வேண்டும். தம்பி கையை விட்டு நோண்டி நோண்டி எடுத்தான். சிறிது நேரத்துக்கு அந்தத் துருக்குழாய் பள்ளத்தின் குறுக்கே பாலம் மாதிரி அந்தரத்தில் தொங்கியது. மஞ்சள் குழாய் அதன் கீழே போயிற்று. பிறகு எல்லாவற்றையும் மூடினார்கள். தம்பி மேலே ஏறிக் குதித்துக் குதித்து மிதித்தான். “பார்த்து, சுடுறதுக்கு முன்னாலயே சட்டிய உடைச்சிடாதீங்க” என்று மனைவி கொட்டகையிலிருந்து கேலி செய்தாள். அக்கா பிடுங்கி வைத்திருந்த பீன்ஸ் நாற்றைத் திரும்ப நட்டுத் தண்ணீர் விட்டாள்.

அதன்பிறகு மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை. வானம் பொத்துக்கொண்ட மாதிரி. சூளைக்குள் செங்கல் ஈரம் காய வேண்டும் என்று சட்டிக்காரி முதல் சூட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டாள்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் அக்கா பீன்ஸ் பந்தலைப் பார்த்தாள். பந்தலின் ஒரு மூலை வெளுத்திருந்தது. தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் அழுகல் இல்லை. வாடி, சுருங்கி, மூச்சு முட்டிச் செத்தது போல இருந்தது. அடுத்த நாள் பக்கத்துப் புல்லும் மஞ்சள் அடித்தது. பள்ளம் வெட்டிய கோட்டின் மேலே என்றால் மண் புரண்டதால் என்று விட்டிருப்பாள். இது கோட்டைவிட்டு விலகி, இரண்டு பக்கமும் அகன்று, முட்டை வடிவில் பரவியது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மதில் பக்கம் குடிபெயர்ந்தன. மண்புழுக்கள் வெயிலுக்கு அஞ்சாமல் மேலே வந்து செத்துக் கிடந்தன. கொத்துவதற்கு ஒரு பறவை வரவில்லை.

கேஸாக இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வாய் எழவில்லை. கேஸ் கசிகிறது என்று சொல்ல மூக்கு வேண்டும். அது இல்லாதவள் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

கடைசியில் சட்டிக்காரியைத்தான் கூப்பிட்டாள்.

“ஏம்மா, இங்க கொஞ்சம் வந்து மோந்து பாரேன்.”

அவள் களிமண் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். மூச்சை நன்றாக இழுத்தாள். “என்ன அண்ணி, ஒண்ணும் வரலையே. ஈர மண்ணு வாசனைதான்.”

“அழுகின முட்டை மாதிரி?”

“இல்லையே. ஏன், எதுவும் செத்துக் கிடக்கா?”

மாலை தம்பி வந்ததும் விஷயம் அவன் காதுக்குப் போயிற்று. அவன் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் குப்புறப் படுத்து, கோடு நெடுகிலும் ஊர்ந்து ஊர்ந்து முகர்ந்தான். எழுந்தபோது நெஞ்செல்லாம் சேறு.

“எதுவுமே இல்லக்கா. கொஞ்சம் இருந்தாலும் தெரிஞ்சிடும். தெரியணும்னுதானே கேஸ்ல அந்த நாத்தத்தையே கலக்கறாங்க.”

“புல்லு சாகுதே, தம்பி.”

“மழை அதிகம். நீயும் கூடக் கூடத் தண்ணி ஊத்தற.” சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். “சரி, ஃபிட்டரைக் கூப்பிட்டுடறேன். உனக்கு நிம்மதி வேணும், அவ்வளவுதானே?”

ஃபிட்டர் வந்தார். கொட்டகைப் பக்கத்து முனையில் காற்றழுத்தம் காட்டும் கருவியைப் பொருத்தி, இரண்டு பக்க வால்வையும் அடைத்து, ஊசியைப் பார்த்தபடி ஒரு தேநீர் குடித்தார். பிறகு இன்னொன்று. ஊசி கடுகளவும் இறங்கவில்லை. குழாய் வெளியே தெரிகிற இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரை தடவினார். ஒரு கொப்புளம் எழவில்லை.

“குழாய் சொக்கத் தங்கம்மா. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? நீங்க பயப்படாதீங்க. தம்பி மாதிரி வேலை செய்யிறவர நான் பார்த்ததில்ல.” போகும்போது வாசலில் தம்பியிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். அதற்குத் தம்பி பதில் சொன்னது மட்டும் அக்காவுக்குக் கேட்டது: “அவங்களுக்கு வாசனை போனதிலேர்ந்து எல்லாத்துக்கும் பயம்ங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. பரிவாகத்தான் சொன்னான். அந்தப் பரிவுதான் அவளைச் சுருக்கென்று தைத்தது. அன்றோடு அவள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். வெளுத்த புல்லின் மேல் காய்ந்த இலையைப் பரப்பி மூடினாள். மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது அல்லவா? ஆனால் முட்டை வட்டம் இலைக்கு வெளியேயும் கால் நீட்டிக்கொண்டே போனது. இப்போது மணல் பரப்பிய கோட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு பட்டை மாதிரி, கொட்டகையை நோக்கி.

முதல் சூடு போடுகிற நாள் வந்தது. தம்பி பணிமனைக்குப் போய்விட்டான். சட்டிக்காரி விடிந்ததிலிருந்து கொட்டகைக்குள்தான். கோப்பைகளை ஒன்றோடொன்று உரசாமல் சூளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோ பாடியது, அவளும் கூடவே பாடினாள்.

முந்தின மாலை பெய்த மழையில் பந்தலடியில் குட்டை கட்டியிருந்தது. அக்கா அதைத் தாண்டப் போனவள் நின்றாள். தண்ணீர் கொப்புளித்தது. மீன் மூச்சு விடுவது போல ஒரே இடத்தில், ஒன்றன் பின் ஒன்றாக. சேற்றில் காற்று அடைபட்டால் கொஞ்ச நேரம் வரும், பிறகு நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அது நிற்கவில்லை.

யாரையும் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு கண்ணாடி ஜாடியையும் தீப்பெட்டியையும் எடுத்துவந்தாள். ஜாடியில் தண்ணீர் நிரப்பி, குட்டைக்குள் முக்கி, கொப்புளத்துக்கு நேர்மேலே கவிழ்த்துப் பிடித்தாள். கொப்புளங்கள் ஜாடிக்குள் ஏறின. தண்ணீர் கீழே இறங்கியது. ஜாடி முழுக்க வெறும் காற்று போலத்தான் இருந்தது. வாயை உள்ளங்கையால் பொத்தி, கவிழ்த்தபடியே தூக்கிக்கொண்டு, பின்கதவு வழியாகச் சந்துக்குப் போனாள். வீட்டைவிட்டு, மரங்களைவிட்டு, சந்து வெட்டவெளியாக அகலும் இடம்வரை போனாள். ரொட்டிக்கடையில் எத்தனையோ வருடம் அடுப்புப் பற்றவைத்த கைதான். ஜாடியைக் கவிழ்த்தபடியே ஒரு பட்டைக்கல்லின் மேல் வைத்துவிட்டுத் தீக்குச்சியை உரசினாள்.

ஜாடியைக் கல்லிலிருந்து தூக்கிக் குச்சியைக் காட்டினாள்.

சத்தமே இல்லை. ஜாடியின் வாயில் நீலமாக ஒரு வளையம் பிடித்தது. அது மெதுவாக உள்ளே ஏறி, மேலே போய், அணைந்தது. அந்த நீலத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ரொட்டிக்கடையில் காலையில் அடுப்பைத் திறந்ததும் அவள் பார்த்துவந்த முதல் நிறம் அது.

ஜாடி கைநழுவி உடைந்தது. அவள் ஓடினாள்.

கொட்டகையின் தரை மரப்பலகை. ஈரம் ஏறாமல் இருக்கத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டியிருந்தார்கள். வாசல்படியில் கால் வைத்தபோது அந்தப் பலகைகளின் இடுக்கு இடுக்காக அவள் கண் போயிற்று. சட்டிக்காரி உள்ளே மூலையில் இருந்த தண்ணீர்க் குழாயடியில், மண் துடைக்கிற பஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேசையில் லைட்டர்.

“வெளிய வா!”

“என்ன அண்ணி, இப்பத்தான் அடுக்கி முடிச்சேன். இன்னும் ரெண்டு நிமிஷத்துல பத்தவெச்...”

“கேள்வி கேக்காத, வா! எதையும் தொடாத. லைட்டை அணைக்காத. ரேடியோ கிடக்கட்டும், விடு!”

அக்கா அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். சட்டிக்காரி ஒரு கணம் திமிறினாள். பிறகு அந்த முகத்தில் என்ன கண்டாளோ, பஞ்சைப் போட்டுவிட்டுக் கூடவே ஓடினாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து, எதிர்ச்சாரிக்குப் போய் நின்ற பிறகுதான் அக்கா கையை விட்டாள். அங்கே ஒரு தையல்காரர் கடை. அக்கா சொன்னதைக் கேட்டதும் தையல்காரர் கடையிலிருந்த போனை எடுத்து கேஸ் கம்பெனி அவசர எண்ணுக்கு அவரே பேசினார். “வந்துட்டிருக்காங்களாம். யாரும் உள்ள போக வேண்டாம்னு சொல்றாங்க. அக்கம்பக்கத்துலயும் சொல்லிடச் சொல்றாங்க.”

அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனார். சட்டிக்காரி அதே போனில் கணவனைக் கூப்பிட்டு, “கேஸ் கசியுதாம், அண்ணி என்னை வெளிய இழுத்துட்டு வந்துட்டாங்க” என்றாள். அவன் என்ன கேட்டானோ, “இல்லைங்க, வாசனையெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது என்று அக்கா பின்னால் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள். ஆனால் சட்டிக்காரி பொய் சொல்லவில்லையே. இருந்ததைத்தான் சொன்னாள்.

பணிமனை பக்கத்தில்தான். தம்பி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். தெருப்பக்கமாக வந்திருந்தால் இவர்களைப் பார்த்திருப்பான். அவன் எப்போதும் வருகிற சந்துவழியாக வந்தான். தோட்டத்து மதிலுக்கு மேலே அவன் தலை நகர்வதை அக்கா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் பார்த்தாள்.

“தம்பி! போகாத! போகாதடா!”

கேட்டது. திரும்பிப் பார்த்தான். ‘ஒண்ணும் இல்ல, வால்வை மூடிட்டு வந்துடறேன்’ என்பது போல உள்ளங்கையைக் காட்டினான். அக்கா பயந்தவள், அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்கிற அதே பரிவு.

சட்டிக்காரி திடீரென்று அக்காவின் தோளைப் பிடித்தாள். “அண்ணி, குழாயை மூடலையே நான்.”

“எந்தக் குழாய்?”

“தண்ணிக் குழாய். பஞ்சு அலசிட்டிருந்தேனே. தொட்டி காலியானா மோட்டார் தானாப் போட்டுக்கும்.”

லைட்டை அணைக்க வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தது. ரேடியோவைத் தொட வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தது. திறந்து கிடந்த தண்ணீர்க் குழாய் நினைவுக்கு வரவில்லை. மோட்டாரின் தானியங்கிச் சுவிட்சு கொட்டகைக்குள், தரையை ஒட்டி. அது போட்டுக்கொள்ளும்போது ஒரு பொறி தெறித்தால் போதும்.

அக்கா தெருவைக் கடந்து பாதிவழி ஓடியிருப்பாள். பெரிய சத்தம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. கனமான கதவை யாரோ ஓங்கிச் சாத்தினது போல, ஆனால் தரைக்கு அடியில். கொட்டகையின் கூரை முழுசாக எழும்பி, ஒரு கணம் யோசித்து, திரும்ப உட்கார்ந்தது. பிறகு சுவர்கள் நாலு பக்கமும் படுத்தன. கோப்பைகள் உடைகிற சத்தம் வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது.

தம்பி கொட்டகைக்குள் போயிருக்கவில்லை. பந்தலைத் தாண்டிக்கொண்டிருந்தான். அதுதான் அவனைக் காப்பாற்றியது. கதவுப் பலகை ஒன்று வந்து அடித்து அவனை மதிலோரம் தள்ளியிருந்தது. முகத்தை மறைத்த இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்திருந்தன. வலது காதிலிருந்து ரத்தம் வழிந்தது. அக்கா அவனைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தபோது அவன் திரும்பத் திரும்ப ஒன்றையே கத்தினான். தன் குரல் தனக்கே கேட்காததால் கத்தினான்.

“என் குழாய் இல்லக்கா! என் குழாய் இல்ல!”

அது உண்மைதான்.

கேஸ் கம்பெனி ஆட்கள் தெருவை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, நீளமான கம்பியால் தோட்டம் முழுக்க ஓட்டை போட்டார்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் கருவியின் குழலை விட்டு அளந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய இன்ஜினியர் ஒரு பெண்மணி. ஹெல்மெட்டுக்கு வெளியே நரைமுடி தெரிந்தது. பந்தலடியில் கருவி அலறியதும் தோண்டச் சொன்னாள். முதலில் மஞ்சள் நாடா வந்தது. அதற்குக் கீழே, மஞ்சள் குழாய்க்கு மேலே, பழைய துருக்குழாய். தம்பி அடியில் மண் எடுத்த அதே இடத்தில், மழையில் மண் உள்வாங்கியதில் தாங்கல் இல்லாமல், மேல் மண்ணின் கனம் அழுத்தி, இணைப்பில் வாய் பிளந்திருந்தது. தண்ணீர்க் குழாய் இல்லை. எந்தக் காலத்திலோ தெருவிலிருந்து இழுத்த கேஸ் குழாய். முன்பு இங்கே இருந்த கட்டடம் போய் இந்த வீடு வந்தபோது அதன் முனையை அடைத்தவர்கள், தெருவில் அதை அறுக்காமலே விட்டுவிட்டார்கள். செத்த பாம்பு என்று நினைத்தது இத்தனை வருடமும் உயிரோடு படுத்திருந்திருக்கிறது.

“ஏன் யாருக்குமே வாசனை வரல?” என்று கேட்டாள் அக்கா. “எனக்குத்தான் மூக்கு இல்ல. இவங்களுக்கெல்லாம் இருக்கே.”

இன்ஜினியர் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிக் காட்டினாள். “இதாங்க காரணம். ஆழத்துலேர்ந்து மெதுவா வந்தா, அந்த நாத்தத்த மண்ணு பிடிச்சு வெச்சுக்கும். வடிகட்டின மாதிரி. கேஸ மட்டும் மேல விடும். உங்க தம்பி நல்லபடியா மணல் போட்டிருக்காரு. இறுகின மண்ணைவிட மணல்ல கேஸ் சுலபமாப் போகும். மணலோட போய் கொட்டகைக்கு அடியில சேர்ந்திருக்கு.”

“அப்ப அவன் மணல் போட்டது தப்பா?”

“தப்பே இல்ல. அப்படித்தான் போடணும். நான் வந்திருந்தாலும் அப்படித்தான் போடச் சொல்லியிருப்பேன். அந்தப் பழைய குழாயைப் பார்த்ததும் நிறுத்தி எங்களைக் கூப்பிட்டிருக்கணும். என்னன்னு உறுதியாத் தெரியாத குழாய செத்ததுன்னு நெனைக்கக் கூடாது.”

ஃபிட்டர் வந்து நின்றார். எப்போதும் ஓயாத அந்த வாய் அன்று திறக்கவில்லை. பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்பேனரால் தட்டிய தழும்பு துருவில் இன்னும் தெரிந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தம்பி மருத்துவமனையில் கைகள் இரண்டும் கட்டோடு படுத்திருந்தான். இடது காதுப் பக்கமாகக் குனிந்து பேசினால்தான் கேட்டது. குணமானாலும் வலது காது கேட்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரல்கள் மடங்கும், ஆனால் நுண்ணிய வேலைக்கு ஆகுமா என்று பார்க்க வேண்டுமாம். சட்டிக்காரி அவனுக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டிவிட்டு, கிண்ணத்தைக் கழுவ வெளியே போனாள்.

“அக்கா.”

“சொல்லுடா.”

“எங்க உடைஞ்சுதாம்?”

அவள் ஜன்னல் திரையைச் சரிசெய்தாள்.

“நான் கைய விட்டு மண்ணை எடுத்தேனே, அங்கதானே?”

இல்லை என்று சொல்லிவிடலாம். யாரும் போய்ச் சரிபார்க்கப்போவதில்லை. சொல்லியிருந்தால் அவன் நம்பியும் இருப்பான். நம்பத்தான் அந்தக் கண்கள் காத்துக்கொண்டிருந்தன. ஆனால் சின்ன வயதிலிருந்து அளவு தவறினால் தூங்காதவன் அவன். பொய்யை வைத்து அவனால் எதையும் அளக்க முடியாது.

“ஆமாடா. அங்கதான்.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். “நீ சொன்னப்ப நான் கேட்டிருக்கணும்” என்றான்.

“கேட்டியே. தரையில படுத்து மோந்து பாத்தியே. அதுக்கு மேல யாரு செய்வா?” “நானும்தான் வாய மூடிட்டேன். இலையப் போட்டு மூடி வெச்சேன்.”

அவன் தலையணையை அவள் சரிசெய்தாள். சரியாக இருந்த தலையணை.

தோட்டத்தில் புதிதாகப் பள்ளம் வெட்டினார்கள். இம்முறை கம்பெனி ஆட்களே வந்தார்கள். மஞ்சள் குழாயை எடுத்துவிட்டார்கள். சட்டிக்காரி இனி அந்த மண்ணில் நெருப்பு வைப்பதில்லை என்று சொல்லிவிட்டாள். மண்பாண்டம் செய்கிற இன்னொருவரோடு சேர்ந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள். துருக்குழாயைத் துண்டு துண்டாக அறுத்து வெளியே போட்டார்கள். தெருப்பக்கம் போன துண்டைத் தொடர்ந்துபோய்ப் பெரிய குழாயோடு சேர்கிற இடத்தில் அறுத்து அடைத்தார்கள். மறுபக்கம் அது மதிலுக்கு அடியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு மூடியோடு முடிந்திருந்தது. ஆனால் அந்த மூடிக்கு முன்னாலேயே ஒரு கிளை பிரிந்து, இன்னும் அப்பால் போனதற்கு அடையாளமாகத் துருப் பொருக்கு கிடந்தது. குழாய் இல்லை, மண்ணோடு மண்ணாகிவிட்டதா, யாராவது எடுத்துவிட்டார்களா, தெரியவில்லை.

இன்ஜினியர் கிளம்பும்போது அக்கா அவளை வண்டிவரை கொண்டுபோய் விட்டாள்.

“எல்லாத்தையும் அடைச்சாச்சுங்களா?”

“இந்த வழியா இனி கேஸ் வராது.”

“இந்த வழியா சரி. இந்தத் தெருவுல வேற எதுவும் இருக்காதே?”

இன்ஜினியர் வண்டிக் கதவில் கைவைத்தபடி தெருவைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வீடுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு துண்டுப் புல்தரை, செடி, ஊஞ்சல், காயப்போட்ட துணி.

“எங்களுக்குத் தெரிஞ்சவரைக்கும் இல்லைங்க” என்றாள்.

வண்டி போனபிறகு தையல்காரர் கடையை ஒட்டியிருந்த தன் வீட்டு வாசலிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார். அவர் மனைவியும் பின்னாலேயே நின்றாள். இருவர் முகத்திலும் ரத்தமே இல்லை.

“ஒண்ணும் இல்ல, சும்மாத்தான்” என்றார் அவர். “எங்க வீட்டுக் கொல்லைப் பக்கம் கொஞ்சம் வந்து பார்க்கறீங்களா? ரோஜாச்செடி ஒரு மாதிரியா இருக்கு.”

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தாள்.